கடலுக்குள் நின்ற தண்ணீர்த் தொட்டி

போன வாரம் எங்கள் பழைய பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை என்னைத் தேடி மயிலாப்பூருக்கு வந்தாள். என் இடத்தில் இப்போது புவியியல் நடத்துகிறவள். கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி. பையைப் பார்த்ததுமே ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"மிஸ், இந்த வருஷத்துலேர்ந்து எல்லாப் பாடத்துலயும் சமூக சேவையைச் சேர்க்கணுமாம். மார்க்கும் உண்டாம். நீங்க அந்தக் காலத்துலேயே குப்பத்துக்குப் போய் மேப் போட்டீங்களாமே. எப்படிப் பண்ணீங்கன்னு சொன்னா நானும் அப்படியே பண்ணிடுவேன்."

யார் கேட்டு இதைச் செய்கிறீர்கள் என்று அவளைக் கேட்டேன். சுற்றறிக்கை வந்திருக்கிறது என்றாள். அதைக் கேட்கவில்லை, நீங்கள் போகப்போகிற தெருவில் யார் கேட்டார்கள் என்றேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினாள். அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சிறியது. பி.எட். முடித்ததும், பிரசவ விடுப்பில் போன ஓர் ஆசிரியைக்குப் பதிலாகச் சாந்தோம் பக்கத்தில் கன்னியர் நடத்தும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். அவர் திரும்பி வரவில்லை, நான் தங்கிவிட்டேன். வரலாறு நடத்த ஆள் இருந்ததால் புவியியலை என் தலையில் கட்டினார்கள். பள்ளி மாடியில் நின்றால் கடல் தெரியும். கடலுக்கும் பள்ளிக்கும் நடுவில் மீனவர் குப்பம். பல ஆண்டுகள் அந்தக் கடலைச் சன்னல் வழியாகக் காட்டி அலையும் அரிப்பும் நடத்தியிருக்கிறேன். குப்பத்தைக் காட்டியதில்லை. பாடத்தில் அது இல்லை.

சேவை என்று ஒன்று அப்போதும் இருந்தது. தவக்காலத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவருவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு சோப்பும் சேலையும் பிஸ்கட்டும் பையில் போட்டுக் குப்பத்துப் பெண்களைப் பள்ளி மைதானத்துக்கு வரச்சொல்லிக் கொடுப்போம். படம் எடுப்பார்கள். நான் அந்தப் படங்களில் ஓரமாக நிற்பேன்.

சிஸ்டர் ஜெசிந்தா தலைமையாசிரியையாக வந்த ஆண்டு டிசம்பரிலும் அப்படித்தான் நடந்தது. பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒரு மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்று பைகளைக் கொடுத்தார்கள். அதில் ஜெனிபர் என்ற பெண்ணும் நின்றாள். மெலிந்து உயரமாக இருப்பாள், இரட்டைப் பின்னல், பேச்சு குறைவு. குப்பத்திலிருந்து வந்து படிக்கும் சில பெண்களில் ஒருத்தி. வாங்க வந்த வரிசையில் அவள் அம்மா தேசம்மா நின்றாள். காலையில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராக வந்திருந்தாள். வரிசை நகர்ந்து நகர்ந்து, மகளுக்கு முன்னால் அம்மா வந்து நின்றாள். ஜெனி பையை நீட்டினாள். தேசம்மா மகள் முகத்தைப் பார்க்காமல், ரேஷன் கடையில் வாங்குகிறவள்போல வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த பெண்ணுக்குப் பை கொடுக்க ஜெனியின் கை எழவில்லை.

சிஸ்டர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறு ஆண்டு மைதானத்தில் மேசை போடப்படவில்லை.

சிஸ்டர் ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், பேச்சில் அந்த மண் தட்டும். அவருடைய அறையில் நாற்காலிகள் இருந்தன, ஆனால் யாரையும் உட்காரச் சொல்லிப் பேசமாட்டார். ஏதாவது புகார் என்று போனால், "வாங்க டீச்சர், நடந்துக்கிட்டே பேசுவோம்" என்று எழுந்துவிடுவார். வகுப்பு வகுப்பாகத் தாண்டித் தாழ்வாரத்தில் நடப்போம். ஒவ்வொரு வாசலிலும் உள்ளே ஒரு பார்வை. நாம் சொல்வது காதில் விழுகிறதா என்றே தெரியாது. முடிவு எடுத்துவிட்டால் மட்டும் நின்றுவிடுவார். நின்ற பிறகு நாம் என்ன சொன்னாலும் பயனில்லை. சபையின் தலைமையிடமான மதர் ஹவுஸிலிருந்து வந்த பெரியவர்களையும் அப்படித்தான் நடக்கவைத்தார் என்று கேள்வி.

அந்தக் கோடை விடுமுறை முடிந்து முதல் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார்: "இனிமே பிச்சை போடுத வேலை வேண்டாம். ஒவ்வொரு பாடத்துலயும் ஒரு வேலை வெளிய நடக்கணும். நம்ம பிள்ளைகளுக்கு அதுல பாடம் ஆகணும். வெளிய உள்ளவங்களுக்கு அதுல வேலை ஆகணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னா போக வேண்டாம்."

எல்லோரும் தலையாட்டினோம். நான் நம்பவில்லை. சந்தேகப்படுவது என் சுபாவம். புதிதாக யாராவது நல்ல காரியம் என்று ஆரம்பித்தால், அதற்குப் பின்னால் ஆய்வாளர் வருகையோ நன்கொடையாளரோ இருப்பார் என்று பார்த்துப் பழகியிருந்தேன். என் கணவர் வேறு, "எதுக்கு உனக்கு இந்த வம்பு? பாடத்தை நடத்தினோமா, ஆத்துக்கு வந்தோமான்னு இருக்கப்படாதோ?" என்றார்.

புவியியலுக்கு வேலை தயாராக இருந்தது. அந்தக் கோடையில் குப்பத்தின் நடுத்தெருவில் ஒரு வீடு எரிந்துபோனது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் எந்தச் சந்தில் நுழைவது என்று தெரியாமல் முக்கிலேயே நின்றது. அதற்குப் பிறகு குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி பள்ளிக்கு வந்து, தெருவும் சந்தும் குழாயும் காட்டி ஒரு வரைபடம் போட்டுத்தர முடியுமா என்று கேட்டாராம். சிஸ்டர் என்னிடம் சொன்னது இது. தலைவர் கேட்டாரா, சிஸ்டர் கேட்கவைத்தாரா என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஆனால் வேலை பிடித்திருந்தது.

பிளஸ் ஒன் புவியியலில் நில அளவை செய்முறை உண்டு. பிளேன் டேபிள் என்று ஒரு கருவி. மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு வரைபலகை, அவ்வளவுதான். பல ஆண்டுகளாக அதை மைதானத்தில் நிறுத்தி, வேப்பமரத்தையும் கொடிக்கம்பத்தையும் வரைந்து, செய்முறை நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவோம். இப்போது அதைத் தூசி தட்டிப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தேன்.

முதலில் கயிறு. வலை கட்டும் நைலான் கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்புத் துணி கட்டினோம். பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கும், கடற்கரையில் ஆகாது. இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து நடுவில் உள்ள தூரத்தை அந்தக் கயிற்றால் இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாம் முறை. அந்தக் கோடுதான் படம் முழுவதற்கும் ஆதாரம். பிறகு முதல் இடத்தில் பலகையை நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, திசைகாட்டியைப் பார்த்துத் தாளில் வடக்கைக் குறிக்க வேண்டும். பலகைமேல் வைத்துத் திருப்பும் பார்வைச்சட்டத்தின் துளை வழியாக ஒரு வீட்டின் மூலையைப் பார்த்து, அந்தத் திசையில் தாளில் ஒரு கோடு. அடுத்த மூலைக்கு இன்னொரு கோடு. பலகையை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோய், வந்த திசையைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்து, அதே மூலைகளை மறுபடி பார்த்துக் கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் அந்த மூலை. தொட்டுப் பார்க்காமல், வீட்டுக்குள் போகாமல், இரண்டு இடத்திலிருந்து பார்த்தே ஒரு வீட்டை நிறுத்திவிடலாம். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று.

குப்பத்துக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் பலகையை நிறுத்தியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாம்மா இது, கேமராவா?" என்றாள் ஒருத்தி. வரைபடம் போடுகிறோம் என்றேன். "யாருக்கு?" உங்களுக்குத்தான் என்றேன். "நாங்க கேக்கலியே."

"தலைவர் கேட்டிருக்காரே."

"அவரு கேட்டாரா?" என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிராமலே சொன்னாள்: "அளக்க வந்தவன்லாம் அப்புறம் இடிக்கத்தான் வந்தான். நீ மயிலாப்பூர் டீச்சரு, உனக்கு இன்னா தெரியும்."

எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்திருந்தேன். குப்பத்தை நான்கு பட்டையாக்கி ஆளுக்கொரு தாள். கடலோரப் பட்டை ஜெனியின் குழுவுக்கு. அவள் வீடு அங்கேதான், ஐஸ் ஷெட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்த கடைசி வரிசையில். உள்ளூர்ப் பெண் கூட இருந்தால் வேலை சுலபம் என்று கணக்குப் போட்டேன். மழை வருவதற்குள், வீட்டு எண்ணும் குடியிருப்பவர் பெயரும் எழுதிய நான்கு தாளும் வந்துவிட்டன. ஜெனியின் தாள்தான் இருப்பதிலேயே சுத்தம். கோடுகள் மயிரிழை போல.

நான்கையும் ஆசிரியர் அறை மேசையில் விரித்து ஒட்டிப் பார்த்தேன். தெருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒன்று மட்டும் சேரவில்லை. பக்கத்துக் குழுவில் கீர்த்தனா என்ற பெண், தன் இரண்டு இடங்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டியைக் குறித்திருந்தாள். அவள் தாளின் விளிம்பைத் தாண்டி அந்தக் கோடுகளை நீட்டினால், இரண்டும் ஜெனியின் தாளில் வந்து வெட்டின. வெட்டிய இடத்தில் ஜெனி கடல் வரைந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி கடலுக்குள் நின்றது.

யார் தவறு? கீர்த்தனா கொஞ்சம் அவசரக்காரி. ஆனால் இரண்டு இடத்திலிருந்து பார்த்த கோடு அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் நானே தனியாகப் போனேன். ஐஸ் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தேன். ஒரு ஃபைபர் போட்டும் இன்ஜின் கொட்டகையும் சந்தின் வாயை அடைத்திருந்தன. பக்கவாட்டில் நுழைந்து போனால் ஒரு வரிசை வீடுகள். ஓலை, தகரம், தார்ப்பாய், சில சுவர்கள் செங்கல். கடைசியில் நீலத் தொட்டி. ஒரு வீட்டு வாசலில் எங்கள் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

ஜெனி தன் வரிசை முழுவதையும் விட்டிருந்தாள், குழுவின் மற்றப் பெண்களை அந்தச் சந்துப் பக்கம் அழைத்து வந்திருக்கவே மாட்டாள். தன் வீட்டையும்.

மறுநாள் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"அது வீடு இல்ல மிஸ். வலை வைக்கிற கொட்டா."

"கொட்டாயில உன் யூனிஃபார்ம் காயறதா?"

அவள் அழவில்லை. "மார்க் கொறைச்சிக்கங்க மிஸ்" என்றாள்.

என் அனுபவத்தில் மார்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மாணவி சொன்னது அதுதான் முதல் முறை. கவனக்குறைவு இல்லை, யாரோ சொல்லிச் செய்திருக்கிறாள் என்று அப்போதே உறுதியாகிவிட்டது.

தேசம்மா மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முக்கில் மீன் கூடை வைப்பாள். எங்கள் தெருவில் யாரும் வாங்கமாட்டார்கள், அடுத்த தெருக்காரர்கள் வாங்குவார்கள். மறுநாள் காலையில் அவள் முன்னால் போய் நின்றேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எம்பொண்ணு அத்த வரைய மாட்டா டீச்சர். நான்தான் வரையாதன்னு சொன்னேன்."

"ஏன்?"

"கடல்லேர்ந்து இத்தினி தூரத்துக்குள்ள வூடு இருக்கக் கூடாதுன்னு சட்டம் பேசிக்கினு கீறாங்கோ. எங்க வரிசதான் மொதல்ல. பேப்பர்ல இல்லன்னா எவன் வந்து இடிப்பான்?"

"சிஸ்டர் அப்படி யாருக்கும் கொடுக்க மாட்டாங்க."

தேசம்மா மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். "சிஸ்டரு நல்லவங்கதான். சிஸ்டருக்கு மேல கீறவங்க?" என்றாள். பிறகு, "தலைவரும் அதான் சொன்னாரு. கடைசி வரிசய வுட்டுருங்க, உங்களுக்கு நல்லதுன்னாரு" என்றாள்.

வரைபடம் வேண்டும் என்று கேட்டவர் தலைவர். ஒரு வரிசையை விடச்சொன்னவரும் தலைவரா? இது எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. ஆண்டு இறுதியில் பாடக் கண்காட்சி வைத்து, எல்லா வகுப்பின் வேலைகளையும் பெற்றோருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. சிறப்பு விருந்தினர் ஒரு கட்டடக் கலைஞர், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா. முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போக வந்தவர் என் மேசை அருகே நின்றார். இனிமையான மனிதர்.

"மேடம், அற்புதமா பண்ணியிருக்காங்க. இதோட சாஃப்ட் காப்பி கிடைக்குமா?"

எதற்கு என்று கேட்டேன்.

"பீச்சை அழகுபடுத்த ஒரு ஐடியா இருக்கு, இன்னும் பேச்சு அளவுலதான். போன்ல சேட்டிலைட் மேப்ல பார்த்தா வெறும் கூரைதான் தெரியுது. எது வீடு, எது ஷெட்டு, யார் எங்க இருக்காங்கன்னு தெரியல. உங்க பொண்ணுங்க நடந்து அளந்திருக்காங்க பாருங்க, அதுதான் வேணும்."

தலைமையாசிரியையைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தாள்களைச் சுருட்டினேன். மீன் காயவைத்த பெண் சொன்னது இதைத்தான். நான் அளக்க வந்தவள். இடிக்க வருகிறவர் இவர். நடுவில் எங்களை அனுப்பி வைத்தது யார்?

நேராகச் சிஸ்டரிடம் போனேன். வழக்கம்போல எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

"சிஸ்டர், இந்த மேப் யாருக்குப் போகப்போறது?"

"பஞ்சாயத்துக்கு."

"அந்த ஆர்க்கிடெக்ட் கேட்கறாரே."

"கேப்பாரு."

"குடுப்பீங்களா?"

இரண்டு வகுப்பறை தாண்டினோம். மூன்றாவதில் எட்டிப்பார்த்து, சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்ணாலேயே உட்காரவைத்தார்.

"டீச்சர், நீங்க என்னையச் சந்தேகப்படுதீங்க."

"ஆமாம் சிஸ்டர்."

"படுங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

ஜெனியின் தாளைப் பற்றியும், தொட்டி கடலுக்குள் நிற்பதைப் பற்றியும், தேசம்மா சொன்னதையும் சொன்னேன். தாழ்வாரம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டோம். சிஸ்டர் நின்றார்.

"தாளை எடுத்துக்கிட்டு குப்பத்துக்காரங்ககிட்டயே போவோம். எது இருக்கணும், எது வேண்டாம்னு அவங்க சொல்லட்டும்."

"வரையாதேன்னு சொன்னா? கடல்னு பொய் எழுதிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"கடல்னு எழுத வேண்டாம். அந்த இடத்தை காலியா விட்டுட்டு, இங்க அளக்கலன்னு எழுதுவோம். அது பொய் இல்லையே."

நின்றுவிட்டார் என்றால் முடிவு என்று அர்த்தம். ஆனாலும் கேட்டேன், "அந்த மனுஷருக்கு?" மணி அடித்தது, போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வலை பின்னும் கொட்டகையில் கூடினோம். பலகைமேல் தாள்களை ஒட்டி வைத்திருந்தேன். தலைவர் மாசிலாமணி முன்னால் நாற்காலியில். கடைசி வரிசைக்காரர்கள் பின்னால் மணலில். ஜெனி தன் அம்மாவுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டி எப்படிக் கடலுக்குள் போயிற்று என்று காட்டியபோது சிலர் சிரித்தார்கள். அப்படிச் சிரித்ததில் கூட்டம் கொஞ்சம் இளகியது.

தலைவர் எழுந்தார். "நான் சொல்றேன், அந்த வரிசய வுட்ருங்க. எதுக்கு வம்பு? கவர்மெண்டு கண்ணுல படாம கீறது நல்லது." தேசம்மா தலையாட்டினாள். இன்னும் பலர் ஆட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். கோமதி என்று பெயர், அதே வரிசையில் தொட்டிக்குப் பக்கத்து வீடு. "போன கோடையில எரிஞ்சது எங்க அக்கா வூடு" என்றாள். "வண்டி முக்குல நின்னுக்கினு வழி கேட்டுச்சு. அதுக்குள்ள எல்லாம் போச்சு. நாள பின்ன எங்க வரிசைல புடிச்சா? பேப்பர்ல இல்லாத வூட்டுக்கு எந்த வண்டி வரும்?"

"இடிக்க வந்தா நீ எங்கடி போவ?" என்றாள் தேசம்மா.

"எரிஞ்சி செத்தா நாங்க எங்க போறது, தேசம்மாக்கா?"

தலைவர், சத்தம் போடாதே என்றார். கோமதி அவர் பக்கம் திரும்பினாள். "உனக்கு இன்னா தலைவரே? எங்க வரிசய காட்டுனா சந்த காட்டணும். சந்த காட்டுனா அத்த அடச்சிக்கினு கீற உன் தம்பி படக எடுக்கணும். அதானே?"

தலைவர் உட்கார்ந்துவிட்டார். உண்மையில் அதுதான் காரணமா, அவரும் நல்லதுக்குத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

சிஸ்டர் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது, "அந்த வரிசைல குடியிருக்கவங்க மட்டும் பேசி முடிவு சொல்லுங்க. மத்தவங்க பேச வேண்டாம், நாங்களும் பேசல" என்றார். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து அலை ஓரமாகப் போய்விட்டார்கள். ஆண்களும் பெண்களுமாக நின்று பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை. கைகள் வீசின. ஒருத்தர் கோபித்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தார். இடத்தை வெறுமையாக விடலாம் என்று சிலர் சொன்னார்களாம், வெறுமையாக விட்டால் ஏதோ மறைக்கிறோம் என்று தெரிந்துபோகும் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். பிறகு கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்து, "வரைங்க" என்றார்கள். தேசம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வந்து உட்கார்ந்து மகளைப் பார்த்துச் சொன்னாள்: "வரையறதுன்னா ஒழுங்கா வரை. நம்ம வூட்டு வாசப்படி எந்தப் பக்கம்னு சரியா போடு."

அன்றே பலகையை எடுத்துக்கொண்டு போனோம். ஜெனி தன் வீட்டுக்கு எதிரே மணலில் அதை நிறுத்தினாள். மணலில் கால்கள் புதையும் என்பதால் அடியில் ஓடு வைத்தாள், நான் சொல்லித்தராத காரியம். துளை வழியாகத் தன் வீட்டு மூலையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோடு போட்டாள். தேசம்மா வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதல் தாளுக்கு நான் பூஜ்யம் போட்டேன், குழு முழுவதற்கும். இரண்டாம் தாளுக்கு முழு மார்க். ஜெனி இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டாள்.

மூன்று பிரதி எடுத்தோம். பஞ்சாயத்துக்கு ஒன்று, தீயணைப்பு நிலையத்துக்கு ஒன்று, கடைசி வரிசைப் பெண்களுக்கு ஒன்று. பள்ளியில் எதுவும் வைக்க வேண்டாம் என்றார் சிஸ்டர். கண்காட்சியில் பிளேன் டேபிளும் கயிறும் மட்டும் இருந்தன. கட்டடக் கலைஞர் வரைபடம் எங்கே என்று கேட்டார். "அது குப்பத்துல இருக்கு. போய்க் கேளுங்க" என்றார் சிஸ்டர், சிரித்துக்கொண்டே. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது மூலத்தாள் எங்கே போயிற்று என்ற கேள்வி வந்தது. பிரதி எடுத்த பிறகு அதைச் சிஸ்டரிடம் கொடுத்திருந்தேன். கிழித்துவிட்டேன் என்றார். நான் கிழித்ததைப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து அந்தக் கட்டடக் கலைஞர் மாசிலாமணியோடு டீக்கடையில் நிற்பதையும் பார்த்தேன். அடுத்த ஜூனில் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சபையில் இது வழக்கம்தான். இந்த மாற்றம் வழக்கமானதுதானா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

சந்தின் வாயை அடைத்த படகை எடுக்கவைக்கப் பெண்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஒருவழியாக எடுத்தார்கள். மறு ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கடைசி வரிசையில் கேஸ் சிலிண்டரில் தீப்பிடித்தது. வண்டி எங்கும் நிற்காமல் ஐஸ் ஷெட்டைச் சுற்றி நேராக வந்தது. கோமதியின் வீடும் பக்கத்து வீட்டுக் கூரையும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோமதி என் வகுப்பறை வாசலுக்கே வந்து சொன்னாள்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டு அந்த வரிசை வீடுகளின் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடலோர இடம், காலி செய்ய வேண்டும் என்று. ஒவ்வொரு கதவிலும் சரியான எண், சரியான பெயர். ஒரு வீடும் விடுபடவில்லை. எங்கள் படத்தைப் பார்த்துத்தான் எழுதினார்களா? வேறு வழியில் கண்டுபிடித்தார்களா? விசாரித்துப் பார்த்தேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், இன்னும் வழக்கு நடக்கிறது. வீடுகள் இன்னும் நிற்கின்றன. சிஸ்டருக்கு எழுதிக் கேட்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் என்ன பதில் எழுதினாலும் நான் முழுதாக நம்பமாட்டேன் என்பதால் எழுதவில்லை.

சாத்துக்குடியோடு வந்த பெண்ணிடம் இதில் பாதியைச் சொன்னதற்கு இரண்டு நாள் கழித்து, அடையாறில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்க வந்த பெண் முகக்கவசத்தை இறக்கி, "மிஸ், நான் ஜெனி" என்றாள். கல்யாணம் ஆகியும் அதே வரிசையில்தான் இருக்கிறாளாம், அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில். நரம்பைத் தேடிக்கொண்டே வழக்கைப் பற்றிச் சொன்னாள். அடுத்த வாய்தா எப்போது என்று தெரியவில்லையாம்.

இத்தனை ஆண்டுகளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். "ஜெனி, அன்னிக்கு நீ வரையாமலே விட்டிருக்கணும்னு நினைக்கறியா?"

அவள் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். என் கையை மடக்கிவிட்டாள்.

"தெரியல மிஸ்" என்றாள். "வண்டியும் வந்துச்சு, நோட்டீஸும் வந்துச்சு. ரெண்டும் அதே சந்துலதான் வந்துச்சு."